மாண்ட்வியிலிருந்து தாராவி வரை

மும்பையின் மஸ்ஜித் ரயில் நிலையத்தில் இறங்கி மாண்ட்விக்குள் நுழைந்தால் முதல் வேலை மூக்குக்குத்தான். மிளகாய், பெருங்காயம், பேரீச்சம்பழம், ஈரக் கோணி எல்லாம் கலந்த நெடி. கைவண்டிக்காரர்கள் வழி கேட்டுக் கத்துகிறார்கள். ஒதுங்கி நிற்கலாமென்றால் அங்கே ஒருவர் மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

1896 செப்டம்பரில் இந்தச் சந்துகளின் தானியக் கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. பிறகு மனிதர்கள் விழுந்தார்கள். கோவாவில் பிறந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ், கடும் காய்ச்சலோடு நெறிகட்டிக் கிடந்த ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, இது பிளேக் என்று துணிந்து சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1894இல், ஹாங்காங்கைச் சூறையாடிய நோய் அது. கப்பலேறித் துறைமுகம் துறைமுகமாக உலகைச் சுற்றியது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது.

நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அது எப்படிப் பரவுகிறது என்பது தெரியவில்லை. மண்ணிலிருந்தா, காற்றிலிருந்தா, அழுக்குத் துணியிலிருந்தா? எலியின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் வருகிறது என்று பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கராச்சியில் கண்டறிந்தது 1898இல்தான். அவருடைய சக மருத்துவர்களே அதை ஏற்கப் பல வருடமாயிற்று. அதுவரை அரசாங்கம் சாக்கடைகளில் கிருமிநாசினியைக் கொட்டியது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது, வெயில் விழட்டும் என்று கூரைகளைப் பிரித்தது. ஜனங்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்கள். ஊரை விட்டு ஓடினார்கள். 1891 கணக்கெடுப்பில் சுமார் 8 லட்சத்து 20 ஆயிரம் பேர் இருந்த பம்பாயிலிருந்து, 1897 பிப்ரவரிக்குள் ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர் வெளியேறிவிட்டார்கள்.

மாண்ட்வியில் நான் பேச்சுக் கொடுத்த முந்திரிக் கடைக்காரருக்கு இந்தப் பழைய கதையெல்லாம் தெரியாது. 2020 தெரியும். கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் சரக்கைப் பற்றி யோசித்தாரா, உயிரைப் பற்றியா என்று கேட்டேன். “காலையில் சரக்கு, ராத்திரியில் உயிர்” என்றார்.

நான் இந்த நகரத்தைத் தெற்கிலிருந்து வடக்காக நடந்து பார்க்க வந்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் டில்லியில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில் ஒட்டுவதற்கான ஒரு நோட்டீஸை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான், அரை மணி நேர வேலை. ‘நோய் அறிகுறி உள்ளோர் தனிமைப்படுத்தப்படுவர்’ என்று அதில் ஒரு வாக்கியம். குவாரன்டைன் என்று அப்படியே விடாமல் நல்ல தமிழில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி எனக்கு. சில மாதங்கள் கழித்து தாராவி நண்பர் ஒருவர் போனில் பேசும்போது, அதைப் படித்துவிட்டுக் காய்ச்சலை மறைத்தவர்கள் உண்டு என்றார். அது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

மாண்ட்வியிலிருந்து மேற்கே வந்தால் முகமது அலி சாலை. சந்துகளின் நெரிசலுக்குப் பிறகு சட்டென்று வானம் தெரிகிறது. இதுவும் பிளேக்கின் கைவேலைதான். காற்றும் வெளிச்சமும் வந்தால் நோய் போகும் என்ற நம்பிக்கையில் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட் நெரிசலான குடியிருப்புகளை இடித்துப் போட்ட சாலைகளில் இது ஒன்று. இடிபட்ட வீடுகளில் இருந்த ஏழைகள் பலர் பக்கத்துச் சந்துகளிலேயே இன்னும் நெருக்கமாக ஒண்டிக்கொண்டார்கள்.

அந்நாளில் மனிதர் வாழத் தகுதியற்றவை என்று முடிவு செய்யப்பட்ட வீடுகளின் சுவரில் ‘யூ.எச்.எச்.’ என்று மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதிவிட்டுப் போவார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அதன் அர்த்தம் புரிந்தது. 2020 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு, வீட்டிலேயே இருக்க வேண்டியவர்களின் இடது கையில் அழியாத மையால் முத்திரை குத்தியது. சுவரிலிருந்த எழுத்து கைக்கு வந்துவிட்டது. சட்டமும் அதேதான். பம்பாய் பிளேக்குக்காக 1897இல் அவசரமாக நிறைவேற்றிய தொற்றுநோய்கள் சட்டத்தைத்தான் 2020 மார்ச்சில் மறுபடி கையிலெடுத்தார்கள்.

வடக்கே பைகுல்லாவை நோக்கிப் போகும் வழியில் மதன்புரா. நெசவாளர்கள் நிறைந்திருந்த பகுதி. 1898 மார்ச்சில் இங்கே ஒரு வீட்டில் நோயுற்றுக் கிடந்த சிறுமியைச் சோதிக்கப் பிளேக் அதிகாரிகளின் ஆட்கள் வந்தார்கள். வீட்டார் மறுத்தார்கள். வாக்குவாதம் கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. புனேயில் இன்னும் மோசம். சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்ட ஆத்திரத்தில், 1897 ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள்.

பைகுல்லாவில் கிரான்ட் மருத்துவக் கல்லூரி. ஒடெஸாவில் பிறந்த யூதரான வால்டெமர் ஹாஃப்கின் 1896 அக்டோபரில் இங்கே வந்து, ஓர் அறையையும் தாழ்வாரத்தையும் வைத்துக்கொண்டு பிளேக் தடுப்பூசி தயாரிக்க முற்பட்டார். உதவிக்கு ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். பயமும் வேலைப் பளுவும் தாங்காமல் உதவியாளர்களில் ஒருவருக்கு நரம்புத் தளர்ச்சி வந்தது, இருவர் விலகிப் போனார்கள் என்று படிக்கும்போது அவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 1897 ஜனவரி 10ஆம் தேதி ஹாஃப்கின் மருந்தை முதலில் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். பிறகுதான் பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்குப் போட்டார்.

அங்கிருந்து சற்று வடக்கே ஆர்தர் ரோடு. தொற்றுநோய்களுக்கான கஸ்தூர்பா மருத்துவமனை இங்கேதான். 2020 மார்ச்சில் மும்பையின் முதல் கோவிட் நோயாளிகள் வந்து சேர்ந்த வாசல் இது. 1896 அக்டோபரில், அது ஆர்தர் ரோடு மருத்துவமனையாக இருந்தபோது, சுமார் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து அதைத் தாக்கினார்கள். உள்ளே போனவர்களின் உடம்பிலிருந்து தைலம் எடுக்கிறார்கள் என்று வதந்தி. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் கண்டது என்ன? வண்டி வருகிறது, அண்ணனை ஏற்றுகிறார்கள், அதற்குப் பிறகு சேதி இல்லை. அந்த வெற்றிடத்தை மனம் எதையாவது போட்டு நிரப்பத்தானே செய்யும். 2020இல் நம் வீடுகளில் செல்போனில் சுற்றிய கதைகளும் இதற்குக் குறைந்தவை அல்ல.

எதிர்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் அரசாங்கம் இறங்கி வந்தது. ஒவ்வொரு சமூகமும் தனக்கென மருத்துவமனை நடத்தலாம், தங்கள் வைத்தியரும் ஹக்கீமும் உடன் இருக்கலாம், உறவினர் வந்து பார்க்கலாம் என்று மெல்ல மெல்ல இடம் கொடுத்தது. இளம் ஆகா கான் தன் ஆட்கள் பார்க்கத் தானே ஊசி போட்டுக்கொண்டார். ஹாஃப்கினின் ஆய்வுக்குத் தன் மாளிகை ஒன்றையும் கொடுத்தார். நோய் அடங்கப் பல வருடங்கள் பிடித்தன. மருத்துவமனை என்றாலே ஓடிய கால்கள் மட்டும் கொஞ்சம் நின்றன.

பரேலில் ஹாஃப்கின் ஆய்வு நிறுவனம் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் கவர்னர் மாளிகை. 1882இல் கவர்னர் ஃபெர்குசனின் மனைவி இங்கே காலராவில் இறந்துபோக, பின்னர் கவர்னர்கள் மலபார் முனைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். காலியான அந்த மாளிகைக்கு 1899இல் பிளேக் ஆய்வுக்கூடம் வந்தது. நோய்க்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய கூலிக்காரனும் கவர்னரும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான். கவர்னருக்குப் போக இன்னொரு மாளிகை இருந்தது.

பரேலைத் தாண்டினால் தாதர், பிறகு மாதுங்கா. தமிழர்களுக்கு இது வடக்கே ஒரு மயிலாப்பூர். ஆஸ்திக சமாஜக் கோயில் வாசலில் பூக்கட்டுகிறார்கள், காபிக் கடையில் ஃபில்டர் காபி மணக்கிறது. நேர்த்தியான வீதிகள், மரங்கள், ஐந்து தோட்டங்கள். பழைய பம்பாயின் நெரிசலில் பிளேக் படுத்திய பாட்டைப் பார்த்துவிட்டு, அதே மேம்பாட்டு டிரஸ்ட் வயல்வெளியில் திட்டமிட்டுப் போட்ட பகுதி இது. இங்கே குடியேறிய நம் குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் அனுபவித்த காற்றோட்டத்துக்கு மாண்ட்வியில் செத்த எலிகளுக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் அந்தக் காற்றோட்டம் கிடைக்கவில்லை. 2020 ஜூலையில் மாதுங்கா உட்பட மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடத்தியபோது, குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரையும் மற்றக் குடியிருப்புகளில் 16 சதவீதம் பேரையும் கோவிட் ஏற்கெனவே தொட்டுவிட்டுப் போயிருந்தது தெரிந்தது.

மாதுங்காவிலிருந்து தாராவிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்தான். நகரம் தன்னருகே வைத்துக்கொள்ள விரும்பாத தோல் பதனிடும் தொழில் ஒதுங்கிய இடம். அதற்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் தொண்ணூறு அடிச் சாலையில் பொங்கல் வைக்கிறார்கள். சுமார் 2.4 சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தில், தெருவுக்கெல்லாம் பொதுக் கழிப்பறை இருக்கும் இடத்தில், ஆறடி இடைவெளி விடு என்று யாரிடம் சொல்வது?

2020 ஏப்ரல் 1ஆம் தேதி இங்கே முதல் நோயாளி தெரியவந்தபோது, தாராவி சுடுகாடாகும் என்றே பலரும் எழுதினார்கள். ரயில் கிடைத்தவர்கள் ஊருக்குப் போனார்கள். கிடைக்காதவர்கள் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டார்கள். மாநகராட்சி ஆட்களோடு தாராவியிலேயே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களும் வீடு வீடாக ஏறினார்கள். பள்ளிக்கூடங்களிலும் விளையாட்டு அரங்கிலும் கட்டில் போட்டார்கள். சாப்பாடு தேடி வந்தது. 2020 டிசம்பர் 25ஆம் தேதி, ஏப்ரலுக்குப் பின் முதல் தடவையாக, தாராவியில் புதிய நோயாளி ஒருவரும் இல்லை. செத்தவர்கள் உண்டு; மறு வருடம் நோய் திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் எதிர்பார்த்த சுடுகாடு வரவில்லை.

நண்பர் என்னை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். எழுபதைத் தாண்டிய ஆச்சி, ஏணிப்படியின் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நோட்டீஸ் ஒட்டுனாவ. பேத்தி வாசிச்சுச் சொன்னா, தனிமைப்படுத்துவாவளாம்னு. எனக்குக் கை காலு ஓடல தம்பி. தனிமையில போடுறதுன்னா செயில்லதான போடுவாவ? எனக்குக் காய்ச்சல் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாலு நாளு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல.”

“சாவுக்குப் பயமா ஆச்சி?”

“சாவு என்னைக்கும் வரும். எங்க கொண்டு வச்சிருக்காவன்னு எம் மவளுக்குத் தெரியாமப் போயிட்டா? அதுக்குத்தான் பயம்.”

அதே தெருவில் இருபது வருடமாக ஊசி போடும் டாக்டர் அரைகுறைத் தமிழில் வந்து சொன்ன பிறகுதான் ஆச்சி அசைந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடம், 14 நாள், மூன்று வேளைச் சாப்பாடு, கையில் போன் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆச்சி உடனே கிளம்பிவிட்டார். அதற்குள் நான்கு நாள் போய்விட்டது. அந்த நான்கு நாளும் அந்த அறையில் அவரோடு ஆறு பேர் படுத்திருந்தார்கள். பேரனுக்கும் தொற்றிக்கொண்டது. இருவருமே பிழைத்து வந்தது அவர்கள் அதிர்ஷ்டம். என் அதிர்ஷ்டமும்தான்.

அந்த நோட்டீஸை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். ஆச்சி கீரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். சிரித்தார்.

“நீங்கதானா அது? ரொம்பப் படிச்சவுக எழுதுனதுன்னு அப்பவே நெனச்சேன்.”

“வேற எப்படி எழுதியிருக்கணும்?”

“வீட்டுல அம்மை போட்டா என்ன செய்வோம்? வாசல்ல வேப்பங்கொலயச் சொருகுவோம். வெளியாளு உள்ள வரமாட்டாவ, நாமளும் வெளிய போவமாட்டோம். ஆனா தலமாட்டுல ஒரு ஆளு இருக்கும்லா? அப்படிச் சொல்லியிருந்தா சின்னப்புள்ளைக்கும் வெளங்கியிருக்கும்.”

தமிழில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை. ஆளை ஒதுக்கி வைப்பதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி வெளியே வரக்கூடாது. ஆனால் கைவிடப்பட்டவராகவும் ஆகிவிடக்கூடாது. ஆர்தர் ரோட்டுக்குத் திரண்டு வந்த ஆலைத் தொழிலாளர்களும், சிறுமியை விடாத மதன்புரா வீட்டாரும் கேட்டதும் ஏறத்தாழ இதைத்தான். நான் ‘படுவர்’ என்று முடித்த வாக்கியத்தில் செய்பவர் யார், இடம் எது, எத்தனை நாள் என்ற எதுவுமே இல்லை.

ரயிலுக்குத் திரும்பும் வழியில் அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் திருத்தி எழுதிப் பார்த்தேன். ‘காய்ச்சல் வந்தால் உங்கள் தெரு டாக்டரிடம் சொல்லுங்கள். 14 நாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வோம். எங்கே இருக்கிறீர்கள் என்று வீட்டாருக்குச் சொல்வோம். தினமும் போனில் பேசலாம்.’ ஒரு வரி நான்கு வரியாகியிருந்தது. நோட்டீஸின் கீழே அதற்கு இடம் இருக்கத்தான் செய்தது.