கேட்கப் படித்தது

சைக்காலஜியில் எம்.ஏ. தேறியாயிற்று. தபால் வழியில், இரண்டு வருஷத்தில் முடித்திருக்க வேண்டியதை மூன்று வருஷத்தில். சேதி தெரிந்ததும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி: 'போர்டு எப்ப மாட்டப் போறே?' பாங்கில் கேட்டது: 'இதுக்கு இன்க்ரிமெண்ட் உண்டா?' இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். இரண்டாவதற்கு விளக்கம் தேவையில்லை. முதல் கேள்விக்கு விளக்கம் நான் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை.

எங்கள் கிளையில் பென்ஷன் கவுண்டர் என்னுடையது. நவம்பரில் கிழவர்கள், தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வரிசையில் நிற்பார்கள். இப்போது வீட்டிலிருந்தபடியே விரல்ரேகை வைத்து இதைச் செய்துவிடலாம், இருந்தும் வருகிறார்கள். பாஸ்புக்கில் பதிவு போட வாசலிலேயே மிஷின் இருக்கிறது. இருந்தும் ஜன்னலுக்கு வருகிறார்கள். ஒரு பெரியவர் வாரம் தவறாமல் வருவார். கணக்கில் புதிதாக எதுவும் இருக்காது. நான் பார்த்துவிட்டு, 'ஒண்ணும் இல்லீங்க ஐயா' என்று திருப்பித் தருவேன். அதற்குள் மகனைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லியிருப்பார். 'தம்பிகிட்ட சொன்னா மனசு லேசாகுது' என்பார். 'நீ பாங்க் வேலை பாக்கறியா, கௌன்ஸலிங் நடத்தறியா' என்று மானேஜர் ஒருநாள் கேட்டார். கேலிதான். ஆனாலும் அது என்னிடம் ஒட்டிக்கொண்டது. பத்து வருஷம் வவுச்சரில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவன், தான் வேறு எதற்கோ பிறந்தவன் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் காத்திருப்பான்.

எம்.ஏ.வில் சேர்ந்ததற்குக் காரணமாக நான் வெளியில் சொல்லிவந்தது இதைத்தான். உண்மைக் காரணம் வேறு.

நம் வட்டத்தில் ஒரு கவிஞர். பெயர் வேண்டாம். அவருடைய அம்மா இறந்து நாலு மாதம் இருக்கும். ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வந்தார். தூக்கம் இல்லை என்றார். அடுத்த அறையில் அம்மா இருமுவது கேட்கிறது என்றார். எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து படுப்பதாகவும், படுத்ததும் மறுபடி கேட்பதாகவும் சொன்னார். நான் என்ன செய்தேன்? அவருடைய இரண்டாவது தொகுப்பில் காலி அறை ஒரு படிமமாகத் திரும்பத் திரும்ப வருவதைச் சுட்டிக் காட்டினேன். அம்மா சாவதற்கு முன்பே அவர் கவிதை அவளை இழந்துவிட்டிருந்தது என்றேன். துக்கத்தையும் மெலங்கலியாவையும் வேறுபடுத்தி 1917இல் ஃப்ராய்டு வெளியிட்ட கட்டுரைக்குப் போனேன். அவருடையது எதில் சேரும் என்று ஆராய்ந்தேன். நன்றாகவே பேசினேன். பேசியதை எழுதியிருந்தால் இந்தப் பத்திரிகையில் நாலு பக்கம் வந்திருக்கும். கிளம்பும்போது, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: 'நான் கவிதை படிச்சுக் காட்ட வரலைய்யா.'

அதன் பிறகு அவர் என் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஜூலையில் எம்.ஏ.வுக்குப் பணம் கட்டினேன்.

பி.ஏ. இங்கிலீஷ் படித்தவன் சைக்காலஜியிடம் எதிர்பார்ப்பது ஒன்று, கிடைப்பது இன்னொன்று. நனவோடை என்றால் நமக்கு ஜாய்ஸ், வர்ஜினியா உல்ஃப், நாவல் உத்தி. அந்தப் பிரயோகம் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் வேரூன்றியது. மே ஸின்க்ளேர் 1918இல் டாரதி ரிச்சர்ட்ஸனின் நாவல்களைப் பற்றி எழுதியபோது விமர்சனத்துக்குள் வந்தது. இப்படித் தெரிந்த முகங்கள் சில இடங்களில் எதிர்ப்பட்டன. மீதி எல்லாம் எண்கள். திட்ட விலக்கம், கை-ஸ்கொயர், மாதிரி எடுக்கும் முறைகள். எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். நான் என் மனைவியை உட்காரவைத்து அதே மாதிரி அசைகளை ஒப்பிக்கச் சொன்னேன். முல்லர்-லயர் கோடுகளை எங்கள் காஷியரிடம் காட்டினேன்: சம நீளமுள்ள இரண்டு கோடுகள், நுனியில் இருக்கும் அம்புக்குறிகளின் திசையால் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் தெரியும். அவர் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு, 'சமம்னு தெரியுது, ஆனா சமமா தெரியல' என்றார். பாடப்புத்தகம் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு இதைத்தான் சொல்கிறது.

இதெல்லாம் துக்கத்தோடு வருகிற மனிதனுக்கு எதற்கு என்று அலுத்துக்கொண்டேன். உன் கண்ணை நீயே நம்பாதே என்று சொல்லித்தரும் படிப்பு இது என்பது தாமதமாகத்தான் புரிந்தது. விமர்சகனுக்குப் பழக்கமில்லாத பாடம். நாம் நம் கண்ணை நம்பியே பிழைப்பவர்கள்.

நடுவில் ஒரு ஆறுதல் கிடைத்தது. தியோடர் ரைக் என்பவர் வியன்னாவில் ஃப்ராய்டின் சீடர். டாக்டர் இல்லை, ஃப்ளாபேரைப் பற்றி ஆராய்ச்சி செய்து 1912இல் பட்டம் வாங்கியவர். மருத்துவம் படிக்காமல் வைத்தியம் பார்க்கிறார் என்று அவர் மேல் வழக்கு வந்தது. அதை ஒட்டி 1926இல் ஃப்ராய்டு ஒரு சிறு நூல் எழுதினார். மனப்பகுப்பாய்வுக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை, புராணமும் மதங்களின் உளவியலும் இலக்கியமும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இங்கிலீஷ் பி.ஏ.வுக்கு வேறென்ன வேண்டும்? இரண்டு நாள் மிதந்தேன். பிறகு மீதியையும் படித்தேன். யார் போலி என்ற கேள்விக்கு, பயிற்சி இல்லாமல் இதில் இறங்குகிறவன் போலி, அவன் டாக்டரானாலும் சரி என்கிறார். பிறர் மனதைப் பகுக்க வருகிறவன் முதலில் தன் மனதை இன்னொருவர் பகுக்க இடம் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். எனக்கு வசதியான பாதியை மட்டும் படித்து மகிழ்ந்திருக்கிறேன். இதுவும் நம் தொழிலில் சகஜம்.

கௌன்ஸலர் என்பதற்கு நாம் ஆலோசகர் என்கிறோம். வரி ஆலோசகர், சட்ட ஆலோசகர், மனநல ஆலோசகர். தொழிலின் அடிப்படையையே இந்தச் சொல் கவிழ்த்துவிடுகிறது. அமெரிக்காவில் கார்ல் ராஜர்ஸ் 1942இல் வெளியிட்ட புத்தகம் சண்டை போட்டதே ஆலோசனை சொல்லும் பழக்கத்தோடுதான். ஈழத்தில் வேறு இரண்டு சொற்கள் புழங்குகின்றன: உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல். யுத்தத்தையும் 2004இன் கடல்கோளையும் பார்த்த இடத்தில் இந்தச் சொற்களுக்கு நிறைய வேலை இருந்திருக்கிறது. துணை என்பது அடக்கமான, சரியான சொல். ஆற்றுப்படுத்தல் யோசிக்க வைக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே வருகிற வறிய பாணனுக்கு வழி சொல்கிறான். அவனுடைய தகுதி அந்த வழியில் தான் நடந்திருப்பது. பட்டினி தெரியும், பாதையும் தெரியும். ஆனால் துக்கத்தில் ஒருத்தன் நடந்த பாதை இன்னொருத்தனுக்கு உதவுவதில்லை. என் அப்பா செத்தபோது எனக்கு எந்த இருமலும் கேட்கவில்லை. என்னிடம் சொல்ல வழி எதுவும் இருக்கவில்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு ஒன்று. இரண்டிரண்டு பேராக உட்காரச் சொன்னார்கள். ஒருவர் பத்து நிமிஷம் பேச வேண்டும். மற்றவர் கேட்டுவிட்டு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது, கூட்டக் கூடாது. சின்ன வேலை என்று நினைத்தேன். எனக்கு ஜோடியாக வந்தது ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஊர் மாற்றல் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். நான் திருப்பிச் சொன்னேன்: 'உங்களுக்கு மாற்றல்கிறது வீட்டுக்குத் திரும்பறது இல்லை, ஒரு விதமான தப்பிப்பு.' அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். வகுப்பு எடுத்தவர் வயதில் என்னைவிடச் சின்னவர். சொன்னார்: 'சார், அவங்க சொன்னது நல்லா இருந்துது. நீங்க எழுதினதும் நல்லா இருக்கு. ரெண்டும் வேற.'

நான்கு முறை முயன்றேன். நாலாவது முறைதான், 'இந்த வருஷமும் கிடைக்கலைன்னு தெரிஞ்ச அன்னிக்கு வீட்ல யார்கிட்டயும் சொல்லலை நீங்க' என்று சொல்ல வந்தது. 'ஆமா' என்றார் டீச்சர். பிறகு, முன்பு சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த வாரம்தான் ராஜர்ஸின் 1942 புத்தகத்தைக் கடைசிவரை படித்தேன். பின் பாதியில் ஹெர்பர்ட் பிரையன் என்ற புனைபெயரில் ஒருவரோடு நடந்த எட்டு சந்திப்புகள், இசைத்தட்டில் பதிவு செய்யப்பட்டு வார்த்தைக்கு வார்த்தை அச்சாகியிருக்கின்றன. முழுச் சிகிச்சை ஒன்று இப்படிப் பிரதியாக வெளிவந்தது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். பிரதி என்றதும் என் பழைய புத்தி விழித்துக்கொண்டது. பிரையனை அலசத் தயாராக உட்கார்ந்தேன். ஆனால் ராஜர்ஸ் தரும் குறிப்புகள் கௌன்ஸலரின் வாக்கியங்களை விடுவதில்லை. இந்த வாக்கியம் பேச்சைத் திசை திருப்பியது, இங்கே அவசரம், இங்கே அவன் உணர்ச்சி தவறிப்போயிற்று என்கிற மாதிரி. கறாரான விமர்சனம். அத்தனையும் கேட்டவனின் மேல்.

இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தது இந்த ஒன்றைத்தான் என்று படுகிறது. கௌன்ஸலராக வேண்டுமானால் எனக்குள் இருக்கும் விமர்சகனைக் கொல்ல வேண்டும் என்று பயந்துகொண்டிருந்தேன். வேண்டியதில்லை. அவனை வேறு பக்கம் திருப்பி உட்காரவைக்க வேண்டும். எதிரில் இருப்பவனின் வார்த்தை பிரதி இல்லை; நான் சொல்லும் பதில்தான் பிரதி. அதை ஈவிரக்கமில்லாமல் படிக்கலாம்.

ஆனால் அதைத் தனியாகப் படிக்க முடியாது. முல்லர்-லயர் கோடுதான், சமம் என்று தெரிந்தாலும் சமமாகத் தெரியாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து, நான் கேட்ட விதத்தைக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில். தபாலில் வந்த பாடங்களில் இது இல்லை, இருக்கவும் முடியாது. நம் நாட்டில் க்ளினிகல் சைக்காலஜிஸ்டுக்கு எம்.ஏ. போதாது. 1992ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம், எம்.ஏ.வுக்கு மேல் இரண்டு வருஷம் மேற்பார்வையில் பெறும் பயிற்சியைத்தான் தகுதியாகச் சொல்கிறது. ஆலோசகர் என்ற பலகைக்கு நெடுநாள் அப்படிக் காவல் இல்லை. 2021இல் வந்த சட்டம் அவர்களையும் ஒரு தேசிய ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, சைக்காலஜியைத் தபாலிலும் இணையத்திலும் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. என் மாதிரி ஆட்கள் கடைசி வண்டியில் ஏறியவர்கள்.

முதலில் கோபம் வந்தது. பகலெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாவுக்கு இருந்த ஒரே கதவு அது. அந்தக் கோபம் முழுக்கப் போய்விடவும் இல்லை. சாயங்காலக் கல்லூரியில் மேற்பார்வையோடு சொல்லித் தர ஏற்பாடு செய்யாமல் கதவை மட்டும் சாத்துவது சுலபமான காரியம். ஆனால் அந்த டீச்சரின் முகத்தை நினைத்தால், சாத்தியது தப்பு என்று என்னால் வாதாட முடியவில்லை.

கேட்பதற்குப் பட்டமே வேண்டாம் என்றும் ஒரு கட்சி உண்டு. ராஜர்ஸே 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவரை மாற்றத் தேவையானவை என்று தான் பட்டியலிட்ட நிபந்தனைகளில் விசேஷத் தொழிலறிவைச் சேர்க்கவில்லை. லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் 1953இல் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காகத் தொலைபேசி வைத்தார். தன்னைப் பார்க்க வந்து காத்திருப்பவர்கள், தேநீர் கொடுக்கும் தொண்டர்களிடம் பேசிவிட்டே ஆறுதலாகித் திரும்புவதைக் கவனித்து, வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அந்த வழியில் 1986இல் சென்னையில் வந்தது ஸ்நேகா. அங்கேயும் கேட்பவர்கள் தொண்டர்கள். ஆனால் அவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்ற பிறகே தொலைபேசிக்கு வருகிறார்கள். பட்டம் இல்லாமல் நடக்கும்; பயிற்சி இல்லாமல் நடக்காது.

ஆகவே போர்டு இல்லை. அந்த மாதிரி ஒரு இடத்தில் தொண்டனாகச் சேர விண்ணப்பித்திருக்கிறேன். எடுத்துக்கொள்வார்களா, தெரியாது.

பரீட்சை முடிந்த அன்று ஒரு காரியம் செய்தேன். அந்த ராத்திரி நண்பரிடம் நான் சொன்னவற்றை ஞாபகத்திலிருந்து எழுதினேன், ராஜர்ஸ் மாதிரி. அவர் வரிகளை விட்டுவிட்டு என் வரிகளை மட்டும். ஒன்றரைப் பக்கம் வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: 'இதை எழுதினியா?' இருமல் என்ற வார்த்தை என் வரிகளில் ஒரு இடத்திலும் இல்லை.

இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று அவரிடம் போனில் கேட்டேன். 'எழுது. நான் படிக்க மாட்டேன்' என்றார். சரி என்றேன். போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. என்னிடம் சொல்வதற்கு இரண்டு மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'வீட்டை மாத்திட்டேன்' என்றார்.

'அந்த அறை இல்லாத வீடு' என்றேன்.

'ம்' என்றார். பிறகு பேசினார்.