பொய்யுரைத்த முள்

நம்மவர் வீட்டில் ஒரு யந்திரம் கெட்டுவிட்டால் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பர். தட்டுக்கு இணங்காவிடில் நேரம் சரியில்லை என்பர். அதன் பின்னர்ப் பழைய இரும்புக்காரர் வருவார். யந்திரத்தையே வினவிப் பார்ப்போர் மிகச் சிலர். யந்திரம் என்ன பேசவா போகிறது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். பேசும். ஆயின் அது பேசும் மொழி எண்களால் ஆனது. அவ்வெண்களை நமக்கு எடுத்துரைக்கும் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நடுவே நிற்கிறான். அவன் பெயர் மீட்டர். அவனே பொய்யனாக இருந்தால் என் செய்வது என்பதுதான் ஈண்டு நாம் எழுதப் புகுந்த விஷயம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்தின் கிராணி. பகலெல்லாம் செக்ரோலும் குலை எடைக் கணக்கும். இரவிலோ நமக்கு வேறொரு பைத்தியம் உண்டு. வணிக நோக்கமின்றி, கற்றலுக்காகவும் நட்புக்காகவும் அரசாங்க உரிமம் பெற்று, தம் வீட்டிலிருந்தே வானலை வழியாக உலகத்தாரோடு உரையாடும் கூட்டத்தார் உளர். அமெச்சூர் வானொலியர் என்பது அவர் பெயர். மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு முதல் இவர்களுக்கென ஒரு சங்கம் இருந்து வருகிறது. கைபேசி யுகத்தில் இஃது எதற்கு என்று கேட்பார்க்கு விடை எளிது. கைபேசிக்கு நடுவே எத்தனையோ கோபுரங்களும் கம்பெனிகளும் வேண்டும். இதற்கோ இரு முனையிலும் ஒரு பெட்டியும் ஒரு கம்பியும், நடுவே வானமும் போதும்.

நமது தோட்டத்து எண்ணெய் ஆலையில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கும் இப்பைத்தியம் இருந்தது. அவர் மறைந்து ஏழாண்டுகள் ஆயின. சென்ற ஆண்டு அவருடைய மனைவியார் நம்மை அழைத்து, கட்டிலடியில் கிடந்த வெளிர்பச்சை இரும்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"கிராணித் தம்பி, பழைய இரும்புக்காரன் எண்பது வெள்ளி தருகிறேன் என்கிறான். இதில் உயிர் இருக்கிறதா இல்லையா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பேரன் தொழிற்கல்லூரியில் சேர வேண்டிய தருணம் அது. ஓடும் நிலையில் இருக்குமாயின் 1,800 வெள்ளிக்கு எடுத்துக்கொள்வதாக ஈப்போவில் உரிமம் உடைய அன்பர் ஒருவர் சொல்லியிருந்தார். ஓடாவிடில் 80 வெள்ளிதான்.

அப்பெட்டி, ஹீத்கிட் எஸ்.பி. 200 என்னும் பெருக்கி. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பென்டன் ஹார்பர் என்ற ஊரிலிருந்த ஹீத் கம்பெனியார் 1964-இல் வெளியிட்டது. அவர்கள் இதை யந்திரமாகச் செய்து விற்கவில்லை. உறுப்புக்களையும் ஒரு நூலையும் பெட்டியிலிட்டு விற்றனர். வாங்கியவர் நூலிற் கண்ட ஒவ்வொரு படியையும் செய்து முடித்து அடையாளமிட்டுக்கொண்டே போவார். கடைசிப் படியில் யந்திரம் ஆயத்தம். குலவித்தை என்றும், குரு தொட்டுக் காட்டாத வித்தை என்றும் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நமக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த எவனும் இதைச் செய்யலாம் என்று சொல்லும் அந்நூலின் துணிவு பெரிதாகவே தோன்றுகிறது.

சிறு வானொலி தரும் 100 வாட் சக்தியை இது 500, 600 வாட் வரை பெருக்கித் தரும். உள்ளே 572பி எனப்படும் இரண்டு கண்ணாடி வால்வுகள். பிளெமிங் 1904-இல் கண்ட வால்வில் டி பாரஸ்ட் 1906-இல் மூன்றாவது முனையைப் புகுத்தினார். அதன் பேரப்பிள்ளைகள் இவை. வால்வின் தலையில் நிற்பது சுமார் 2,400 வோல்ட். லயத்து வீட்டுச் சுவரில் வரும் 240 வோல்ட்டே ஆளைக் கொல்லும் என்பதை நாம் அறிவோம். இஃது அதைப்போற் பத்து மடங்கு.

அதனினும் கொடிது ஒன்று உண்டு. பெட்டியினுள் ஆறு பெரிய கண்டென்சர்கள் வரிசையாகக் கோத்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் 400 வோல்ட்டைத் தாங்கி மின்சாரத்தைத் தேக்கி வைக்கும். ஆறும் நிரம்பிய வேளையில் அவற்றிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 60 ஜூல், அதாவது ஒரு கிலோ எடையை 6 மீட்டர் உயரத்திற்குத் தூக்கும் அளவு. அது முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒருவன் மார்பின் வழியே பாயுமாயின் மிச்சம் சொல்ல வேண்டுவதில்லை. சுவிட்சை அணைத்தாலும், பிளக்கைப் பிடுங்கினாலும் இது தானே போய்விடாது. இதைக் கழிப்பதற்கென்றே ஒவ்வொரு கண்டென்சரின் குறுக்கேயும் ஒரு ரெஸிஸ்டர் வைத்துள்ளனர். அவை செம்மையாக இருந்தால் இருபது வினாடியில் எல்லாம் வடிந்துவிடும். நாம் பெட்டியைத் திறந்து, மின்சாரமே கொடாமல், அவ்வாறு ரெஸிஸ்டர்களையும் அளந்தோம். ஐந்து நலம். ஆறாவது உள்ளுக்குள்ளேயே அறுந்து கிடந்தது. வெளிப்பார்வைக்கு அதுவும் மற்றவற்றைப் போலவே இருந்தது. எவரேனும் ஆர்வத்தால் பெட்டியை ஓட்டிப் பார்த்து, அணைத்துவிட்டு, இருபது வினாடி கழிந்தது என்று கையை விட்டிருந்தால், அந்த ஒரு கண்டென்சர் அவருக்காகக் காத்திருந்திருக்கும்.

பேரனுக்கு வயது பதினேழு. கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நம் மேஜையருகே வந்து நின்றான். அவனுக்கு நாம் முதலில் கற்பித்தது கருவிகளின் பெயரை அன்று. மூடி திறந்திருக்கும்போது ஒரு கை எப்போதும் காற்சட்டைப் பையில் இருக்க வேண்டும். மற்றொரு கையால், பூமிக் கம்பி கட்டிய நீண்ட கோலைக் கொண்டு ஒவ்வொரு கண்டென்சரையும் தொட்டு வடித்த பின்னரே உள்ளே போகலாம். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரத்திற்கு இதயத்தின் வழியே பாதை திறந்துவிட்டோம் என்று பொருள். பையன் சிரித்தான். அறுந்த ரெஸிஸ்டரை அவன் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னோம். பிறகு சிரிக்கவில்லை.

விசிறியின் அடியில் ஒரு பல்லி காய்ந்து கருகிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்வதாக நம் பெரியோர் நம்பும் உயிர் அது. பழமொழியில் வரும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்தது. இதற்கு வாய்த்ததோ 2,400 வோல்ட். எந்தத் திசையில் ஒலித்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் தேடுவோர் இப்பலனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிற்க. வயதான கண்டென்சர்கள் ஆறையும் ரெஸிஸ்டர்கள் ஆறையும் மாற்றினோம். நமது ஈரக் காற்றில் இத்தனை ஆண்டுகள் கிடந்த பொருளை நம்பிப் பெருமின்சாரம் விடுதல் தகாது. செய்தவர்கள்மேல் இதிற் குற்றமில்லை. காலமும் மழையும் செய்த வேலை. பின்னர் வால்வுகளைக் கழற்றி வைத்துவிட்டு, 100 வாட் குமிழ்விளக்கு ஒன்றைத் தொடராக இட்டு மின்சாரம் கொடுத்தோம். உள்ளே எங்கேனும் குறுக்கோட்டம் இருந்தால் விளக்கு முழு ஒளியோடு எரிந்து யந்திரத்தைக் காக்கும். விளக்கு ஒரு கணம் மின்னி மங்கியது. நல்ல அறிகுறி. விளக்கை நீக்கி, வால்வுகளைப் பொருத்தி, நேரே ஓட்டினோம். முன்புறத்து மீட்டரின் முள் 2,400-ஐ நோக்கி ஏறும் என்று பார்த்திருந்தோம். அது 1,800-இல் நின்றுவிட்டது.

பட்டணத்து நண்பர் ஒருவர் டிரான்ஸ்பார்மர் போய்விட்டது என்றார். போயிருந்தால் 80 வெள்ளிதான் மிச்சம். ஏனெனில் அவ்வகை டிரான்ஸ்பார்மரை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் கூலி யந்திரத்தின் விலையை விழுங்கிவிடும். ஆனால் அவர் சொல்லை நாம் ஏற்கவில்லை. வால்வுகளின் இழைக்கு 6.3 வோல்ட் தருவதும் அதே டிரான்ஸ்பார்மர்தான். அவ்வோல்ட்டை அளந்தோம், சரியாக இருந்தது. ஒரு மணி நேரம் ஓடியும் டிரான்ஸ்பார்மர் சூடேறவில்லை, முனகவில்லை. ஆகவே அதைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கினோம். டையோடுகளோ எனில், இந்த யந்திரத்தில் மின்சாரம் இரு பாதிகளாக, பாதிக்கு 1,200 வோல்ட் வீதம் சேர்கிறது. ஒரு பாதி கெட்டால் முள் 1,200-க்கு அருகே விழ வேண்டும். 1,800 என்பதற்கு நியாயமில்லை. கண்டென்சர்கள் புதியவை, பழுதானவையே ஆனாலும் பாரம் ஏற்றும்போதுதான் வோல்ட் சரியும், சும்மா இருக்கும்போது சரியாது. இவ்வாறு ஒவ்வொருவராக விடுதலை செய்துகொண்டே வந்தால், கடைசியில் எஞ்சியவன் சாட்சி சொன்னவனே.

இச்சமயத்தில் வேறொரு நண்பர் ஒரு யோசனை சொன்னார். மீட்டருக்குப் போகும் ரெஸிஸ்டர்களுள் ஒன்றைச் சிறிதாக்கி, முள்ளை 2,400-க்குக் கொண்டுவந்துவிட்டால் வாங்குபவர் கேட்கவா போகிறார் என்றார். நமக்குச் சினம் வந்தது. தராசு குறைத்துக் காட்டுகிறதோ என்று தராசைச் சோதிப்பது ஒன்று. வேண்டிய எண் வரும்வரை படிக்கல்லைச் செதுக்குவது வேறொன்று. பால் எடையில் தராசைப் பார்த்துப் பார்த்து நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். நமது பாட்டன்மார் எழுத்தறியார். ஆயினும் தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதை அவர்கள் கண் அறியும். அவர்களுடைய பேரன் ஒருவன் கிராணியாகி உட்கார்ந்து முள்ளைத் திருகுவது அடாது.

மீட்டரைச் சந்தேகித்தால் மட்டும் போதாது. அதனினும் நம்பத்தக்க வேறொரு சாட்சி வேண்டும். 2,400 வோல்ட்டை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. நம் கைமீட்டர் 1,000 வரைதான் தாங்கும். ஆனால் ஆறு கண்டென்சர்களும் சம பங்காளிகள். பூமிக்கு மிக அருகிலுள்ள ஒன்றின் குறுக்கே எவ்வளவு நிற்கிறது என்று கண்டால், ஆறால் பெருக்கிக்கொள்ளலாம். யந்திரம் செத்திருக்கும்போதே மீட்டரின் கம்பிகளைக் கவ்விப் பொருத்தி, மேஜையை விட்டு விலகி நின்று, பிறகே சுவிட்சைப் போட்டோம். கைமீட்டர் 397 காட்டியது. பையன் தாளில் பெருக்கினான்: 2,382.

ஆக யந்திரம் உண்மை பேசியது. மொழிபெயர்ப்பாளன் குறைத்துச் சொன்னான். மறுபடியும் அணைத்து, வடித்து, முன்புற மீட்டருக்குச் செல்லும் ரெஸிஸ்டர் வரிசையை அளந்தோம். கரிக் கலவையால் செய்த பழைய ரெஸிஸ்டர்கள் அவை. வயதாலும் ஈரத்தாலும் அவற்றின் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். நிறக்கோடுகள் சொல்லும் அளவைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தன. கணக்கும் ஒத்தது. சில வெள்ளிக்குப் புதியவை வாங்கி இட்டோம். முள் 2,400-க்குச் சற்றே கீழே வந்து நின்றது.

ஆங்கிலப் பள்ளியில் பயின்றவர் நாம். இவ்விஷயமெல்லாம் நமக்கு அம்மொழியிலேயே வந்தது. பையனுக்குத் தமிழில் சொல்லப் புகுந்தபோது ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைக் காட்டு என்று நம்மை மறித்து நின்றது. தேக்குதல், வடித்தல், கோத்தல், எதிர்த்தல் என்று சொல்லிச் சொல்லி நமக்கே பல இடங்கள் தெளிவாயின.

யந்திரம் அத்துடன் சரியாகிவிடவில்லை. வானத்திற்கு அனுப்பாமல், ஒலிபரப்பும் சக்தியை வெப்பமாக்கி விழுங்கும் பாரம் ஒன்றை இணைத்துச் சோதித்தோம். 550 வாட் வந்தது. ஐந்து நிமிஷத்தில் சக்தி சரிந்து பாதிக்கும் கீழே போயிற்று. மின்னோட்டம் காட்டும் முள்ளும் பாதிக்கு விழுந்தது.

"இதுவும் மீட்டரின் பொய்தானே, அண்ணே?" என்றான் பையன்.

அப்படி எண்ணத் தோன்றும். ஒருமுறை பொய்யனைப் பிடித்தவனுக்கு ஊரெல்லாம் பொய்யராகத் தெரிவதுண்டு. விளக்கை அணைத்துவிட்டுக் காற்றுத் துளை வழியே பார்க்கச் சொன்னோம். இரண்டு வால்வுகளில் ஒன்றின் இழை பளீரென்று ஒளிர்ந்தது, மற்றொன்று இருட்டு. மீட்டர் இம்முறை உண்மையே உரைத்தது. ஆறவிட்டு மறுபடியும் போட்டால் இரண்டும் எரியும். சூடேறினால் ஒன்று அணையும். குற்றம் வால்விலா, அது நிற்கும் குழியிலா? இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி நட்டோம். நோய் வால்வோடு கூடவே போயிற்று. 572பி-யின் அடியில் நான்கு பித்தளைக் கால்கள் உள்ளன. ஒவ்வொன்றும் துளையுள்ள குழல். உள்ளிருந்து வரும் கம்பி குழலின் நுனியில் ஈயப் பற்றால் பிடிக்கப்பட்டிருக்கும். அப்பற்று உலர்ந்து விரிந்தால், குளிரில் தொடும், வெப்பத்தில் விலகும். இழைக்குரிய இரண்டு கால்களின் நுனியைச் சுரண்டி, பற்றிரும்பால் சூடேற்றிப் புது ஈயம் உருக்கி விட்டோம். புது வால்வு வாங்கியிருந்தால் சில நூறு வெள்ளி. இதற்கு ஒரு விரல் நீள ஈயக் கம்பி ஆயிற்று. ஒரு மணி நேரம் ஓட்டினோம். 550 வாட் அசையவில்லை.

ஈப்போ அன்பர் வந்து ஓட்டிப் பார்த்து, நாம் அளந்தெழுதிய தாளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு 1,800 வெள்ளி கொடுத்தார். அம்மையார் இருமுறை எண்ணினார். இரும்புக்காரன் திரும்பி வந்தால் என்ன சொல்வது என்பதுதான் அவருக்கிருந்த கவலை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. இப்பழைய பெருக்கியை இயக்கும் கம்பியில் சுமார் 120 வோல்ட் நிற்கும்; இக்காலத்து வானொலிகள் அதைத் தாங்கா. நடுவே ஒரு சிறு சுற்று வைத்தாக வேண்டும். அதைச் செய்து தரும் பொறுப்பைப் பையன் ஏற்றுக்கொண்டு கல்லூரி விடுதியில் உட்கார்ந்திருக்கிறான். சென்ற வாரம் செய்தி அனுப்பினான்: தான் வாங்கிய மலிவு மீட்டர் சரியா என்று பார்க்க எந்த மீட்டரை நம்புவது என்று. அறையிலுள்ள மற்ற மூன்று பையன்களின் மீட்டர்களையும் இரவல் வாங்கி, ஒரே பேட்டரியை நான்கிலும் அளந்து எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.