ஒப்பந்தமும் உரிமையும்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த ஊராகும். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி பனியனாகிக் கடல் கடந்து செல்லும் வரையில் எண்ணற்ற கைகள் அதற்காக உழைக்கின்றன. பெரிய ஆலைகளின் அருகே, வீட்டுத் திண்ணையில் ஒரேயொரு தையற்பொறியை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் காப்போரும் அவ்வூரில் உளர்.

அத்தகைய பெண்ணொருத்தியை நினைத்துப் பார்ப்போம். பல்லாண்டுகள் பிறரிடம் கூலிக்குத் தைத்தவள், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஓவர்லாக் பொறி ஒன்று வாங்க முன்பணம் செலுத்துகிறாள். தீபாவளித் தையல் வேலை தொடங்குமுன் பொறி தேவை என்று சொல்லி, ஆடி முடிவதற்குள் தருவதாக வணிகரிடம் எழுதியும் வாங்குகிறாள். ஆடி சென்றது, ஆவணியும் கழிந்தது, பொறி வரவில்லை.

"ஐயா, இனி எனக்குப் பொறி வேண்டா, பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்கிறாள் அவள்.

"முன்பணம் திரும்பாது, அம்மணி, ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறோமே!" என்கிறார் வணிகர்.

அச்சேறிய அந்த ஒரு வரிக்கு அவள் அடங்கிப்போக வேண்டுமா? வேண்டுவதில்லை. காலமே இன்றியமையாததாக அமைந்த உடன்படிக்கையில் ஒருவர் காலந்தவறின், மற்றவர் அதனை விலக்கிக்கொள்ளலாம் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறும் விதியாகும்.

தொழிலுக்குப் பொறி வாங்கியவள் நுகர்வோர் ஆவாளோ என்னும் ஐயம் எழலாம். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்று விற்ற பொறியைப் பற்றிய வழக்கில், 1995ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதற்கு விடை பகர்ந்தது. வழக்குத் தொடுத்த நிறுவனம் வாணிக நோக்கில் பொறி வாங்கியது என்று கொள்ளப்பட்டுத் தோற்றது. ஆயினும், பிழைப்புக்காகத் தாமே இயக்கும் பொருட்டுப் பொறி வாங்கியவர், ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டாலும் நுகர்வோரே என்று அத்தீர்ப்பு தெளிவுறுத்தியது. நிறுவனம் தோற்ற வழக்கே எளியோர்க்கு அரணாயிற்று.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதனைத் தனியே வகுத்துரைத்தது. நேர்ந்த இழப்புக்கு மிஞ்சிய தண்டம் விதித்தலும், தக்க காரணமின்றித் தாம் மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வணிகர் இடம் வைத்துக்கொள்ளுதலும் அதனுள் அடங்கும். அவ்வகை விதிகளைச் செல்லாதன என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பொருள் வாராமை போன்ற குறைகளுக்கு மாவட்ட ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய விலை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாதாயின் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடவும் தடையில்லை.

உரிமை உள்ள இடத்தில் கடமையும் உண்டு. உரிய நாளில் பொறி வந்தபின், வேறொரு கடையில் விலை குறைவு என்று கூறி அவள் அதனை மறுப்பாளாயின், வணிகர்க்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்தல் அவள் கடன். அப்போதும் அவர் பெறத்தக்கது நியாயமான ஈடே அன்றி, மனம்போனவாறு விதிக்கும் தண்டம் அன்று.

கையொப்பம் இடுமுன் முழுதும் படித்தல், வாய்ச்சொல்லை எழுத்தில் பெறுதல், விலக்கும்போது காரணத்தை எழுதித் தருதல், ரசீதைப் போற்றி வைத்தல் ஆகிய இவை எவர்க்கும் அரிய செயல்கள் அல்ல. ஆடி முடிவுக்குள் பொறி தருவதாக வணிகர் எழுதிய சிறு தாளே, அப்பெண்ணின் பல்லாண்டு உழைப்புக்கு வேலியாக நிற்கிறது.