பேக்-அப் இருக்கா சார்?

என் வேலையை ஊரில் விளக்குவது கஷ்டம். "கம்பெனி செக்ரட்டரின்னா எந்த மேனேஜருக்குப்பா செக்ரட்டரி? லெட்டர் எல்லாம் நீதான் டைப் அடிப்பியா?" என்று பெரியப்பா கேட்பார். பதினேழு வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே கேள்வி. சிரித்து மழுப்பிவிடுவேன். ஏன் மழுப்பினேன் என்பது கடைசியில் வரும்.

சுருக்கமாகச் சொன்னால், போர்டு மீட்டிங் நடத்துவது, மினிட்ஸ் எழுதுவது, அரசாங்கத்துக்குப் படிவம் அனுப்புவது. இதெல்லாம் போக யாருக்கும் தெரியாத ஒரு வேலை உண்டு: பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எண்பது வார்த்தைக்குள் எழுதுவது. இயக்குநர் நியமனம், மறுநியமனம் என்றால் அவரைப் பற்றிய குறிப்பைப் பங்குதாரர்களுக்கு அனுப்ப வேண்டும். படிப்பு, அனுபவம், எந்தத் துறையில் கெட்டி, வேறு எந்தெந்த கம்பெனியில் இயக்குநர். மும்பையில் இப்படி நான் எழுதியவை முந்நூறு இருக்கலாம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "இந்த நிறுவனத்தில் படித்தார், அந்த நிறுவனத்தில் முப்பது வருட அனுபவம்." இடையில் தோற்றது, வேலை போனது, நாலு வருஷம் சும்மா இருந்தது, எதுவும் இருக்காது.

ஆட்களும் ஏறக்குறைய ஒரே செட்தான். ஆடிட் கமிட்டிக்கு ஒரு சி.ஏ., டெல்லி தெரிந்த ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். ஒருவர், சட்ட நிறுவனத்தின் பார்ட்னர் ஒருவர், 2013 கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயமாக ஒரு பெண் இயக்குநர். 2017-ல் உதய் கோட்டக் தலைமையிலான கமிட்டி சொன்ன யோசனைகளை ஏற்று செபி ஒரு புது விதி போட்டது. போர்டுக்கு என்னென்ன திறமை வேண்டும் என்று ஒரு அட்டவணை போட வேண்டும்; அடுத்த வருஷத்திலிருந்து எந்த இயக்குநரிடம் எது இருக்கிறது என்றும் பெயரோடு காட்ட வேண்டும். நல்ல யோசனைதான். 2019-ல் நான் இருந்த கம்பெனியில் எட்டு இயக்குநர்கள், ஒன்பது திறமைகள், பெயரையும் அந்த வருஷமே போட்டுவிடலாம் என்று முடிவு. காலிக் கட்டங்களை அனுப்பி டிக் போடச் சொன்னேன். எழுபத்திரண்டு கட்டத்திலும் டிக்கோடு திரும்பி வந்தது. சைபர் பாதுகாப்பு உட்பட. மெயிலைப் பிரின்ட் எடுத்துப் படிக்கிறவர்கள் அதில் இரண்டு பேர் :-)

அதே வருஷம் அந்த வேலையை விட்டு இப்போதைய கம்பெனிக்கு வந்தேன். வசையில் ஃபாக்டரி, பேரிங்கும் பம்ப் உதிரிபாகங்களும் செய்கிறோம். சேர்மனை எல்லோரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம் (நம் ஊர் அர்த்தம் வேறு, குஜராத்தியில் அண்ணன்). கச்சிலிருந்து வந்த குடும்பம். ஒரு பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றிவிட்டு "இதில் ஒரு குண்டு சரியில்லை" என்பார். பிரித்துப் பார்த்தால் சரியாக இருக்கும். அதாவது அவர் சொன்னது சரியாக இருக்கும், குண்டு சரியில்லாமல் இருக்கும்.

2022-ல் ஐபிஓ போகலாம் என்று முடிவானது. மர்ச்சன்ட் பேங்கர்கள், இரண்டு செட் வக்கீல்கள் வந்து இறங்கினார்கள். ப்ராஸ்பெக்டஸில் ஒரு வரி எழுதினால் அதற்கு ஒரு ஆதாரக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்துக்குப் பெயர் பேக்-அப். 'முன்னணி நிறுவனம்' என்று எழுதினால் முன்னணி என்று யார் சொன்னது, பேக்-அப் கொடு. 1989-ல் ஃபாக்டரி தொடங்கியது என்றால் கரன்ட் பில்லாவது கொடு. மூன்று மாதம் கனவில்கூட பேக்-அப்தான்.

இயக்குநர்களின் குறிப்பு என் பொறுப்பு. பாயின் குறிப்பு தயாராகவே இருந்தது. பேங்க் லோன் விண்ணப்பம், கம்பெனி புத்தகம், டீலர் மாநாட்டு மலர் எல்லாவற்றிலும் பல காலமாக உள்ள வரிகள்: "பம்பாய் பல்கலைக்கழகத்தில் பி.காம். பட்டம் பெற்றவர்." நானும் மூன்று வருஷமாக அதை காப்பி-பேஸ்ட் செய்துகொண்டிருந்தேன். வக்கீல் ஆபீசிலிருந்து வழக்கமான மெயில் வந்தது: பட்டச் சான்றிதழ் நகல் அனுப்பவும்.

பாயிடம் போனேன். தேடுகிறேன் என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். வீட்டை மாற்றினோம் இல்லையா என்றார். இது அபூர்வமில்லை. நாற்பது வருஷத்துக்கு முந்தைய சான்றிதழ் பலரிடம் இருக்காது. "சில இயக்குநர்களின் கல்விச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பது நம் ப்ராஸ்பெக்டஸ்களில் அடிக்கடி வருகிற ரிஸ்க் ஃபேக்டர். அதனால் சாதாரணமாகச் சொன்னேன். "பரவாயில்லை பாய். தொலைந்துவிட்டது என்று ஒரு அஃபிடவிட் போட்டுவிடலாம். ஸ்டாம்ப் பேப்பர் நான் ரெடி பண்றேன்."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"தொலையலை, மூர்த்தி. வாங்கவே இல்லை."

1974. கடைசி வருஷம் அக்கவுன்ட்ஸ் பேப்பரில் ஃபெயில். மறுபடி எழுதுவதற்குள் அப்பாவின் கடை மூழ்கிவிட்டது. நாக்தேவி தெருவில் மாமா ஒருவரின் ஹார்டுவேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பேரிங் பெட்டிகளைத் தலையில் வைத்து மஸ்ஜித் பந்தர் வரை நடக்க வேண்டும். பழைய பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, சுற்றிப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்க வேண்டும். ஆறு வருஷம். காது அங்கேதான் பழகியது. முதல் பேங்க் லோன் வாங்கப் போனபோது விண்ணப்பத்தை நிரப்பிய கணக்குப்பிள்ளை "படிப்பு?" என்று கேட்டிருக்கிறார். "பி.காம். வரை" என்று இவர் சொல்ல, 'வரை' காணாமல் போய்விட்டது. இவரும் திருத்தவில்லை. அப்புறம் திருத்த முடியவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் அதுவே போயிருந்தது.

"உனக்குத்தான் சட்டம் தெரியும். சொல்லு, என்ன பண்ணலாம்?"

எனக்குத் தெரிந்த சட்டம் இதுதான். ப்ராஸ்பெக்டஸில் தெரிந்தே பொய் சொன்னால் கிரிமினல் பொறுப்பு, ஜெயில் வரைக்கும் போகலாம். தொலைந்தது என்று போடும் அஃபிடவிட்டும் பொய்தான். அதே சமயம் ஒரு பழைய பி.காம். சான்றிதழை யாரும் தோண்டப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று பெருமையாக எழுத ஆசைதான். உண்மையில் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்று இரவு விரார் லோக்கலில் தொங்கிக்கொண்டு வரும்போது பெரிய ஆட்களின் கதைகளை மனதுக்குள் புரட்டினேன். ஜே.ஆர்.டி. டாடா கல்லூரிக்கே போகவில்லை. 1925-ல் சம்பளமில்லாத அப்ரன்டிஸாகச் சேர்ந்து 1938-ல் டாடா சன்ஸ் சேர்மன். அசிம் பிரேம்ஜி 1966-ல் அப்பா இறந்ததும் ஸ்டான்ஃபோர்டில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, 21 வயதில் வனஸ்பதி கம்பெனியைக் கையில் எடுத்தார். அந்த டிகிரியை முடித்தது பல வருஷம் கழித்துத்தான், விப்ரோ விப்ரோவான பிறகு. இந்தியாவிலேயே பெரிய நன்கொடையாளர்களில் ஒருவராக இருக்கிற அவரிடம் யார் மார்க் ஷீட் கேட்கப்போகிறார்கள்? நானி பால்கிவாலா ஆங்கில எம்.ஏ. விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் சட்டம் படிக்கப் போனார். சிறு வயதில் திக்குவாய் வேறு. பின்னாளில் பட்ஜெட் பற்றி அவர் பேசுவதைக் கேட்க பிராபோர்ன் ஸ்டேடியம் நிரம்பியது. அன்று அந்த வேலை கிடைத்திருந்தால் 1973 கேசவானந்த பாரதி வழக்கில் யார் நின்றிருப்பார்களோ.

சக்திகாந்த தாஸ் 2018-ல் ரிசர்வ் வங்கி கவர்னரானபோது "ஹிஸ்டரி எம்.ஏ.வா?" என்று எத்தனை கிண்டல்! ஐ.ஏ.எஸ். அதிகாரியாக நிதி அமைச்சகத்தில் கழித்த வருஷங்களை யாரும் எண்ணவில்லை. அவர் ஆறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்து, கோவிட் காலத்தையும் கடந்துவிட்டுப் போனார். நம் வகுல் கதை வேறு மாதிரி. லயோலாவில் பி.காம்., 1957-ல் ஸ்டேட் பேங்க் அதிகாரி, இடையில் புணேயில் வங்கியாளர்களுக்குப் பாடம் நடத்துகிற என்ஐபிஎம்-ன் இயக்குநர், 1981-ல் நாற்பத்தைந்து வயதுக்குள் பேங்க் ஆஃப் இந்தியா சேர்மன், 1985-லிருந்து ஐசிஐசிஐ. 2024-ல் அவர் காலமானபோது செய்திகளில் அவர் வளர்த்துவிட்ட ஆட்களின் பெயர்கள்தான் அதிகம். அந்த மாதிரி விஷயத்துக்கு எங்கள் எண்பது வார்த்தையில் இடமே கிடையாது.

ஏடனில் பெட்ரோல் பங்க்கில் நின்ற திருபாய் அம்பானி, மோகனூர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு 2017-ல் டாடா சன்ஸ் சேர்மனான சந்திரசேகரன்... இவர்கள் கதையைப் பட்டிமன்றத்தில்கூடச் சொல்கிறார்கள். ஆனால் கவனித்தீர்களா? பெட்ரோல் பங்க்கை வெளியே சொல்ல முதலில் ரிஃபைனரி கட்டியிருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், வசையில் நானூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற பாய் போன்றவர்கள், எடுபிடி வேலையையும் சொல்ல முடியாது, பி.காம். இல்லை என்றும் சொல்ல முடியாது.

இதில் நியாயம் பேசுகிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதுதான் அன்றைய பிரச்சனை. செக்ரட்டரி என்பதால் என் குறிப்பும் அதே அத்தியாயத்தில் வர வேண்டும். அது 2006-ல் தொடங்குகிறது. ஆனால் நான் 1998-ல் கும்பகோணத்திலிருந்து தாதர் எக்ஸ்பிரஸில் வந்தவன். எட்டு வருஷம் ஃபோர்ட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அவருக்கு ரூம் கிடையாது. கோர்ட்டுக்கு வெளியே நடைபாதையில் ஒரு மேஜை, மழைக்கு நீல பிளாஸ்டிக் ஷீட். வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், 'தொலைந்துவிட்டது' அஃபிடவிட். அந்த மேஜையில் உட்கார்ந்துதான் சி.எஸ். பரீட்சைக்குப் படித்தேன். முதல் இன்டர்வியூவில் இதைச் சொன்னபோது எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த இன்டர்வியூவிலிருந்து அந்த எட்டு வருஷம் காணாமல் போனது. என் மனைவிக்குத் தெரியும், என் பையனுக்குத் தெரியாது. பெரியப்பாவின் "டைப் அடிப்பியா"வுக்கு நான் மழுப்பியது அதனால்தான்.

இரண்டு நாள் கழித்து பாயிடம் போய் இரண்டு குறிப்புகளையும் மேஜையில் வைத்தேன். அவருடையதில் பி.காம். இல்லை. முறையான பட்டம் பெற்றவர் அல்ல, இந்தத் தொழிலில் நாற்பது வருடத்துக்கு மேல் அனுபவம், அவ்வளவுதான். பேங்குகளுக்கும் ஒரு திருத்தக் கடிதம் தயார் செய்திருந்தேன். என்னுடையதில் 1998 முதல் 2006 வரை ஒரு வரி. பாய் தன்னுடையதை ஒரு முறை படித்தார். என்னுடையதை மூன்று முறை படித்தார்.

"எந்த மேஜை? சர்ச் பக்கத்திலா, சிக்னல் பக்கத்திலா?"

"சிக்னல் பக்கம்."

"டீ எங்க குடிப்ப?" என்றார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஃபோர்ட்டைப் பற்றித்தான் பேசினோம். போகும்போது இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று மாலை அவர் தன் பெரிய மருமகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். என்ன சொன்னார், அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஐபிஓ நடக்கவில்லை. சந்தை சரியில்லை என்று தள்ளிப்போட்டு, பிறகு அப்படியே விட்டுவிட்டார்கள். பேங்குகள் திருத்தக் கடிதத்தை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டன. ஒரு ஃபோன்கூட வரவில்லை. (பாயிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதே, மீதி எல்லாம் எழுது" என்றார்.)

ஆனால் அதற்கு முன்னால் என் குறிப்புக்கு வக்கீல் ஆபீசிலிருந்து ஒரு மெயில் வந்தது. 1998-2006 வேலைக்கு அனுபவச் சான்றிதழ் அல்லது சம்பள ரசீது அனுப்பவும், இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடவும். நடைபாதை மேஜைக்கு ஏது சம்பள ரசீது? வக்கீல் சார் காலமாகி வருஷக்கணக்காகிறது. பரணில் இருந்த சூட்கேஸைக் குடைந்து, கிடைத்த ஒரே காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். கும்பகோணத்தில் வாங்கிய டைப்ரைட்டிங் ஹையர் சான்றிதழ். பையன் அதைப் பார்த்துவிட்டு "இது யாருதுப்பா?" என்றான். என்னுடையது என்றேன்.

மறுநாள் அந்த ஆபீசிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். "டியர் சார், டைப்ரைட்டிங் ஹையர் என்றால் என்ன கோர்ஸ்? எந்தப் பல்கலைக்கழகம்?"

நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை, பார்க்காமல் அடிக்க வேண்டும் என்று விளக்கி அரைப் பக்கம் பதில் எழுதினேன். மூன்று நிமிஷம் ஆனது.