மலைக்கு வருகிறவர்கள் வயலுக்கும் வரட்டும்!

சென்னையிலிருந்து திருப்பதி போகிற வழியில் சுமார் 85 கிலோமீட்டரில் இருக்கிறது திருத்தணி. முருகனின் ஐந்தாம் படைவீடு. ஆண்டின் நாள்களைச் சொல்லும் 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடியோடு லட்சக்கணக்கானோர் மலையேறுவார்கள். டிசம்பர் 31-ல் படித் திருவிழா. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பலனாக 1960 ஏப்ரல் 1-ல் தமிழகத்தோடு சேர்ந்தது. இன்றும் கடைவீதியில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன.

மலையிலிருந்து இறங்கினால் சுற்றிலும் நெல், கரும்பு, வேர்க்கடலை, மாந்தோப்பு. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் போனால் தறிச் சத்தம். ஆனால், வருகிற பக்தர்களில் பலர் சாமி கும்பிட்டதும் அடுத்த வண்டியைப் பிடிக்கிறார்கள். அவர்கள் செலவழிக்கும் பணம் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோப்பின் மாம்பழமோ, மண்டியில் கமிஷனும் கழிவும் போக மிஞ்சிய விலைக்குப் போகிறது. வாங்குகிறவரும் விளைவிக்கிறவரும் ஒரே ஊரில் இருந்தும் சந்திப்பதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கக் கையிலிருக்கும் செல்போன் போதும்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தைப் பாருங்கள். அங்குள்ள ஒரு விவசாயக் குடும்பம் 2018-ல் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ என்ற யூடியூப் சேனலைத் தொடங்கியது. வயல்வெளியில் விறகடுப்பு, அம்மியில் அரைத்த மசாலா, வீட்டுப் பெரியவரின் கைப்பக்குவம். அவ்வளவுதான். 2021-ல் அதன் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். எல்லோருக்கும் அந்த அளவு கிடைக்காது; தேவையும் இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டினால் நகரத்தார் பார்ப்பார்கள் என்பதற்கு அது சாட்சி. மகாராஷ்டிரத்தின் பாராமதியிலோ பண்ணைச் சுற்றுலாவையே விவசாயிகள் துணை வருமானமாக்கிக் கொண்டார்கள்.

திருத்தணி விவசாயிக்கு முதல் வேலை, கூகுள் மேப்பில் தோட்டத்தைப் பதிவு செய்வது. நேரில் வருகிறவர்களுக்கு விற்கும் இடமாக இருந்தால் ‘பிசினஸ் புரொஃபைல்’ இலவசமாகவே கிடைக்கும். “பணம் கட்டினால் முதலிடம்” என்று போனில் பேசுகிறவரை நம்ப வேண்டாம். தோட்டத்தின் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, பிரதான சாலையிலிருந்து எங்கே திரும்ப வேண்டும் என்பதற்கு ஒரு படமும் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். விளைபொருள், விலை, பார்வை நேரம் ஆகியவற்றை அதில் பட்டியலாகப் போடலாம். சித்திரை முதல் ஆனி வரை மாம்பழம், தை மாதம் நெல் அறுவடை என்று பருவத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிருத்திகைக் கூட்டத்தில் பாதை மாறும் என்றால் அன்றைக்கே தகவல் போட வேண்டும். காய் இல்லாத மாதத்தில் போன வருடப் படத்தைப் போட்டு ஆள் சேர்த்தால், வந்தவர் எழுதும் ஒரு வரி விமர்சனம் பத்துப் பேரைத் திருப்பி அனுப்பிவிடும்.

வரவேற்பதற்கு முன் தோட்டமும் தயாராக வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றுக்கு வேலி அவசியம். மருந்து தெளித்திருந்தால், லேபிளில் சொன்ன இடைவெளி முடியும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. சமைத்துப் பரிமாறினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். தங்க வைப்பதானால் சுற்றுலாத் துறையின் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை செய்கிற பெண்களையும் பிள்ளைகளையும் அவர்கள் சம்மதமில்லாமல் படமெடுக்க விடக் கூடாது.

ஒரு தோட்டம் தனியாக இதைச் செய்வதைவிட, பத்து வீட்டார் சேர்ந்தால் நல்லது. ஒருவர் மாம்பழம், ஒருவர் வேர்க்கடலை, ஒருவர் மதியச் சாப்பாடு, தறிக்காரர் புடவை. வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் கணக்கையும் பதிலையும் கவனித்துக் கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு குடும்பம் வந்தாலும் போதும். மண்டிக்குப் போகும் கூடைகளில் நாலைந்து தோப்பிலேயே, விவசாயி சொன்ன விலைக்கு விற்றுவிடும்.