கைப்பக்குவமும் தூரிகையும்

சமையல் புத்தகத்தை அடுப்பங்கரையில் வைத்துப் படிப்பதுதான் உலக வழக்கம். நாமோ சென்ற விடுமுறையில் ஒரு சமையல் புத்தகத்தைத் திண்ணையில் அமர்ந்து, கதைப் புத்தகத்தைப்போல் இரண்டு முறை படித்து முடித்தோம். அதைக் கண்டு நம் இல்லாள் புன்னகை புரிந்தாள். வெந்நீர் போடத் தெரியாதவருக்குப் பாக சாஸ்திரம் எதற்கு என்பது அந்தப் புன்னகையின் பொருள்.

அப்புத்தகத்தை எழுதிச் சித்திரமும் தீட்டியவர் டாஷா டூடர் என்னும் அமெரிக்க ஓவியர். 1915-ல் பாஸ்டன் நகரில் பிறந்து, 2008-ல் தமது 92-ஆம் வயதில் காலமானவர். அவர் குடும்பத்துக்கும் நமது சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. அவருடைய கொள்ளுப் பாட்டனார் பிரெடரிக் டூடர், அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பிய வியாபாரி. சென்னைக் கடற்கரையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் எழுந்ததும் அந்த வியாபாரத்துக்காகவே. 1897-ல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த அதே கட்டடந்தான் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது.

கொள்ளுப் பாட்டனார் கடல் கடந்து வாணிபம் செய்தார்; கொள்ளுப் பேத்தியோ பட்டணமே வேண்டாம் என்றார். 1944-ல் 'மதர் கூஸ்' குழந்தைப் பாடல்களுக்குத் தீட்டிய சித்திரங்களின் வருவாயைக் கொண்டு, நியூ ஹாம்ப்ஷயரில் பழைய பண்ணை வீடொன்றை வாங்கினார். 1970-களில் வெர்மாண்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர் மகனே கைக் கருவிகளால் வீடு கட்டிக் கொடுத்தார். அங்கே டாஷா ஆடு கறந்தார், வெண்ணெய் கடைந்தார், நார் நூற்றுத் துணி நெய்தார், விறகடுப்பில் சமைத்தார். உடுத்த உடையும் 1830-களின் மோஸ்தர்; கொள்ளுப் பாட்டனார் கப்பல் அனுப்பிய காலத்து மோஸ்தர்! இதை ஒரு சீமாட்டியின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். நான்கு குழந்தைகளின் வயிற்றை நிரப்பியது அவருடைய தூரிகைதான்.

அந்த வாழ்க்கையின் சாரமே 1993-ல் வெளிவந்த 'டாஷா டூடர் சமையல் புத்தகம்'. வழிவழியாக வந்த பக்குவங்களைப் பழைய நினைவுகளோடும் வர்ணச் சித்திரங்களோடும் அதில் பதித்திருக்கிறார். சோளமாவு ரொட்டி ஒன்று கொள்ளுப் பாட்டி டூடரின் பெயரையே தாங்கி நிற்கிறது. பனிக்கட்டி வியாபாரம் கரைந்து போயிற்று, ரொட்டி கரையவில்லை.

இதைப் படித்தபோது நமக்குச் சுருக்கென்றது. நம் தாயார் காலமாகி ஆறு வருஷங்கள் ஆகின்றன. அவர் வைத்த மணத்தக்காளி வற்றல் குழம்பை இனி இவ்வுலகில் யாரும் வைக்கப் போவதில்லை. பொடி எவ்வளவு என்று கேட்டால், "ஒரு கை" என்பார். அந்தக் கை போயிற்று. அளவும் கூடவே போயிற்று. இருபது வருஷமாக ஊரார் குழந்தைகளை "எழுது, எழுது" என்று விரட்டி வரும் நாம், அம்மா சொன்னதில் ஒரு வரியைக்கூட எழுதி வைக்கவில்லை.

சென்ற வாரம் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, மகளுடன் கிராமத்துக்குப் போனோம். அங்கே அறுபதை எட்டிய நம் அக்கா இருக்கிறாள். அம்மாவின் வற்றல் குழம்பு அவளுக்கும் கைவரவில்லை. ஆனால் அவள் அரைத்துவிட்டு வைக்கும் சாம்பாருக்கு இணை கிடையாது.

"இதைப் போயா எழுதுவார்கள், தம்பி? கை அறியாதா?" என்று அக்கா சிரித்தாள்.

"உன் கை அறியும், அக்கா. இவள் கைக்கு யார் சொல்வது?" என்றோம்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு டப்பாவிலிருந்து துவரம் பருப்பை அள்ளி, "இதுதான் ஒரு கை" என்று நீட்டினாள். மகள் அந்தக் கையைச் சுருக்கமும் வளையலுமாக நோட்டின் முதல் பக்கத்தில் வரைந்தாள். அப்புறம் பருப்பை ஆழாக்கில் கொட்டி அளந்து, படத்தின் கீழே அளவைக் குறித்துக்கொண்டாள்.