கடிகாரம் கண்ணில் படட்டும்

டெய்லருக்கு நாற்பது வினாடி. ஹாதார்ன் ஆய்வுக்கு ஒரு நிமிடம் பத்து வினாடி. ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும், யாராவது வேலை செய்வதைப் பார்த்தால் என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. பேசுவதும் ஒரு வேலைதானே.

கோபர்கைரனேயில், தீன் டாக்கிக்குப் பக்கத்தில், நிர்வாகவியல் மாணவர்களின் கூட்டம். தொழிற்சாலையில் இருந்தவர் என்று என்னை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பேசியவருக்கு முப்பது வயதிருக்கும். திரையில் நீளமாக ஓர் அம்பு. அதன் மேல் நிர்வாகக் கொள்கைகளின் வரலாறு: 1911 டெய்லர், 1916 ஃபயோல், பிறகு ஹாதார்ன், 1960 மெக்ரிகர், ஜப்பான்காரர்கள், 2001 அஜைல். ஒவ்வொருவரும் முந்தினவரைப் புதைத்துவிட்டு வந்த மாதிரி வரிசை. “டெய்லரோட ஸ்டாப்வாட்ச் காலம் முடிந்து போச்சு” என்றார். கூட்டம் சிரித்தது.

அந்த ஸ்டாப்வாட்சைத்தான் நான் முப்பத்தாறு வருஷம் பிடித்தேன்.

தாராவியில் வளர்ந்தவன் நான். அப்பாவுக்குத் தோல் பதனிடும் வேலை, பீஸ் கணக்கில் கூலி. அந்த ரேட்டை யார், எதை வைத்துப் போட்டார்கள் என்று அவர் கடைசிவரை கேட்டதில்லை. மாட்டுங்காவில் டிப்ளமா முடித்து, 1976இல் தாணே–பேலாப்பூர் சாலையில் ஒரு ரசாயன ஆலையில் ஒர்க் ஸ்டடி பிரிவில் சேர்ந்தபோது, அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

பார்த்த நேரத்தை ரேட்டிங்கால் பெருக்கி, அலவன்ஸ் சேர்த்தால் ஸ்டாண்டர்டு நேரம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தகராறு முழுக்க ரேட்டிங்கில். எதிரே நிற்கும் ஆள் தன் இயல்பான வேகத்தில் செய்கிறானா, நமக்காக மெதுவாகச் செய்கிறானா? அதை எந்தக் கருவியும் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். சுமையில்லாமல் சமதரையில் மணிக்கு 6.4 கிலோமீட்டர் நடந்தால் அதற்கு ரேட்டிங் நூறு. 52 சீட்டை 0.375 நிமிடத்தில் பங்கு போட்டால் அதுவும் நூறு. இதை மனதில் ஏற்றிக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆனது. மதிய இடைவேளையில் சீட்டு போடுவோம். சூதாடுகிறோம் என்று வாட்ச்மேன் புகார் கொடுத்தார்.

சீட்டுப் போடச் சொன்னவர் என் மேலதிகாரி. பரேல்காரர். அவருடைய அப்பா நெசவாளி. ஒரு நெசவாளி கூடுதல் தறி பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் கொண்டுவந்த திட்டங்களை எதிர்த்து 1928இல் பம்பாய் மில்கள் ஆறு மாதம் நின்றனவே, அந்த வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தவர். அப்படிப்பட்டவர் மகன் கையில் ஸ்டாப்வாட்ச் எப்படி வந்தது என்று ஒருநாள் கேட்டேன். “வேற எவனாவது பிடிக்கறதுக்கு நானே பிடிக்கறேன், மத்ராசி” என்றார்.

மூட்டை தைக்கும் பிரிவில் ஓர் ஆள். என்னைக் கண்டதும் அவன் கை மந்தமாகிவிடும். மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் தூணுக்குப் பின்னால் நின்று, கடிகாரத்தை அட்டைக்கு அடியில் மறைத்து, முப்பது சுற்று எடுத்தேன். சுத்தமான எண்கள். பெருமையோடு மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கிருந்து பார்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். தாளை நாலாகக் கிழித்தார். என்னை அழைத்துக்கொண்டு போய், அத்தனை பேர் முன்னாலும் அந்தத் தொழிலாளியிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். திரும்பும் வழியில் சொன்னார்: “கடிகாரம் அவன் கண்ணில் படணும். பட்டா மெதுவாத்தான் செய்வான். அதைக் கண்டுபிடிக்கத்தான் உனக்குச் சம்பளம்.”

மறுநாள் அவரே வந்து அரை மணி நேரம் நின்று பார்த்தார், கடிகாரமே எடுக்காமல். அந்த ஆள் ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு தடவை தூக்கிக்கொண்டிருந்தான். மேசை நாலு விரல் தாழ்வு. செங்கல் வைத்து உயர்த்தினோம். நான் சோம்பல் என்று எழுதவிருந்ததில் பாதி மேசையின் குற்றம். முதலில் முறையைப் பார், பிறகு நேரத்தைப் பார் என்பது பாடத்தில் முதல் பக்கம். நான் அதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன்.

அந்தப் பேச்சாளரின் அம்பில் இதற்கெல்லாம் இடமில்லை. 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ஆயுதசாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் ஸ்டாப்வாட்சைக் கண்டு வெளிநடப்புச் செய்தார்கள். விசாரணை நடந்தது, பிறகு அரசு ஆலைகளில் அதற்குத் தடையே வந்தது. ஹாதார்ன் தொழிற்சாலையில் பதினாலு பேர் கொண்ட ஓர் அறையில், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தொழிலாளர்களே பேசி வைத்துக்கொண்டதை ஆய்வாளர்கள் பெரிய கண்டுபிடிப்பாக எழுதினார்கள். தூணுக்குப் பின்னால் நின்ற எவனுக்கும் அது தெரியும்.

தானே நிர்வகித்துக்கொள்ளும் குழு என்பது 2001இல் மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்ததாம். அகமதாபாத் காலிகோ மில்லில் 1953இல் நடந்ததை அந்தப் பேச்சாளர் கேள்விப்பட்டதில்லை. தானியங்கித் தறிக்கூடம், 224 தறிகள், 29 பேர். எங்களைப் போன்றவர்கள் வேலைச்சுமையைக் கணக்கிட்டு ஆளாளுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். தறி புதிதாக இருந்தும் உற்பத்தி ஏறவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ், ஒரு சிறு குழு ஒரு தொகுதித் தறிகளை முழுசாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். யார் யாரோடு என்பதைத் தொழிலாளர்களே சட்டென்று பேசி முடித்துவிட்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. அடி விழுந்தது எங்கள் தொழிலுக்குத்தான். ஆனாலும் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பரேல்காரர்தான். ரைஸ் கூடத்துக்குள் போய் நின்று பார்த்தவர் என்பதில் அவருக்கு மரியாதை.

என் கடைசி வருஷங்களில் ஆலோசகர்கள் வந்தார்கள். வேறெங்கோ ஓர் ஆலையின் எண்களை எங்கள் தாளில் ஒட்டினார்கள். எங்கள் ஆள் வெயிலில் நிற்கிறான், அங்கே நிழல் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. பிரிவைக் கலைத்து, மூட்டை தைப்பதைக் கண்டிராக்டுக்கு விட்டார்கள். கண்டிராக்ட் ஆளுக்கு எதற்கு ஸ்டாண்டர்டு நேரம்?

கூட்டத்தின் முடிவில் பேச்சாளரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “இப்போ ரேட்டிங் போடறது யார்?” “சிஸ்டம், சார்” என்றார். “சிஸ்டம் எங்கே நின்னு பார்க்கும்?” கூட்டம் மறுபடி சிரித்தது. நன்றியுரை ஆரம்பித்துவிட்டது.

எங்கள் மாடியில் ஒரு பையன் பிவண்டியில் ஒரு கோடவுனுக்குப் போகிறான். கையில் ஸ்கேனர். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவில் எத்தனை வினாடி என்பதை அதுவே எண்ணும். அந்த வினாடியை யார் வைத்தது என்று கேட்டேன். “தெரியாது, அங்கிள்.” மெதுவான ஆளை வைத்து எடுத்தார்களா, வேகமான ஆளை வைத்தா? தெரியாது. சொந்தத் தேவைக்கு 5 சதவீதம், அடிப்படைக் களைப்புக்கு 4, ஆக 9 சதவீதம் சேர்க்காமல் நாங்கள் ஒரு தாளையும் வெளியே விட்டதில்லை. ஒன்றுக்குப் போகிற நேரமும் கணக்கில் உண்டா என்றேன். பையன் சிரித்தான். என் அப்பா போலவே இவனும் கேட்டதில்லை.

இரவு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று படியிறங்கினான். ஜன்னலிலிருந்து பார்த்தேன். சாலையைத் தாண்டும்போது அவன் நடை நூற்றுப் பத்து இருக்கும். பன்னிரண்டு மணி நேரம் நிற்கப் போகிறவன் அப்படி நடக்கக் கூடாது.